வெளிநாட்டிலிருந்து பழைய வேக்போர்டு படகு வாங்கலாமா?

கேள்வி:
வெளிநாட்டில் ஒருவர் வேக்போர்டு படகு (பலகையில் நின்று சறுக்குபவரை இழுத்துச் செல்லும் படகு) விற்கிறார். வி-டிரைவ் இன்ஜின் (படகின் பின்பக்கம் பொருத்தியது), 600 மணி நேரம் ஓடியது. படத்தில் பளபளவென்று இருக்கிறது. நேரில் போக வழியில்லை. முன்பணம் அனுப்பலாமா?

பதில்:
சர்வேயர், அதாவது படகைப் பரிசோதிக்கும் நிபுணர், பார்க்காமல் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம், நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். உப்புத் தண்ணீரில் ஓடியதா என்று முதலில் கேளுங்கள். வெளித் தண்ணீரை நேராக இழுத்துக் குளிரும் இன்ஜின் என்றால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) உப்பால் உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கலாம். மேலே பெயின்ட் புதிதாகத்தான் தெரியும். குளிர் நாட்டுப் படகா? பனிக்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால், அது உறைந்து இன்ஜின் பிளாக்கையே பிளந்திருக்கலாம். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் இது தெரியாமல் தப்பிவிடலாம். அதனால் படகைத் தண்ணீரில் இறக்கி, பாலாஸ்ட் தொட்டிகளை (எடை கூட்டத் தண்ணீர் நிரப்பும் தொட்டிகள்) நிரப்பி ஓட்டச் சொல்லுங்கள். அப்புறம் பில்ஜை, அதாவது கசியும் தண்ணீர் சேரும் படகின் அடிப்பகுதியை, திறந்து காட்டட்டும்.

இன்னொருவர்:
கப்பல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கண்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர்தான். இந்தப் படகுகள் பல 2.5 மீட்டருக்குக் குறையாது. மேலே இழுவைக் கயிறு கட்டும் டவரை மடித்தால் உயரம்தான் குறையும், அகலம் குறையாது. சாய்த்து வைக்கத் தாங்கி செய்ய வேண்டும், இல்லையென்றால் ஃபிளாட் ரேக் (பக்கச் சுவரும் கூரையும் இல்லாத கண்டெய்னர்).

கேட்டவர்:
சர்வேயர் என்றதும் மழுப்புகிறார்.

பதில்:
சரி, விட்டுவிடுங்கள். அடுத்த படகுக்கு ஹல் எண்ணின் (படகின் உடலில் பொறித்த அடையாள எண்) படத்தை முதலிலேயே வாங்கி, உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். அதன்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.