லாட்ஜ் வைஃபை: ஐசொலேஷன் போட்டும் ஒரு அறை டிவி இன்னொரு அறை போனில் தெரிகிறது. அவசரம்!

சாரல்_லாட்ஜ்: வணக்கம். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். 14 அறையும் ஃபுல். வெள்ளம் என்று அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள், எல்லோரும் அறைக்குள்ளேயே கிடக்கிறார்கள். நேற்று நள்ளிரவு 9ஆம் அறை டிவி தானாக ஆன் ஆகி பேய்ப் படம் ஓடியிருக்கிறது. உள்ளே வயதான தம்பதி. அந்த அம்மா படியிறங்கி ரிசப்ஷனுக்கே வந்துவிட்டார். விசாரித்தால் 4ஆம் அறைப் பையன்கள், தங்கள் டிவி என்று நினைத்து போனில் தொட்டிருக்கிறார்கள். உடனே, வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றோடு பேசாமல் தடுக்கும் ஐசொலேஷனை ஆன் செய்தேன். இன்று மதியம் அதே கதை. என்ன செய்வது?

கேபிள்காரன்: எந்த மாடல்? வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயின்ட், எத்தனை? டிவி வைஃபையிலா, வயரிலா? ஐசொலேஷனை எங்கே ஆன் செய்தீர்கள்?

நள்ளிரவுப்பிங்: பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள் அண்ணாச்சி. ராவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் அப்டேட் செய்துவிடுங்கள்.

தென்றல்77: புதுப் பாஸ்வேர்டை மறுபடி எல்லா அறைக்கும் கொடுக்கத்தானே போகிறார்? அப்புறம் எல்லோரும் அதே நெட்வொர்க்கில்தான் இருப்பார்கள்.

போர்ட்_பூட்டு: டிவியைப் போன் கண்டுபிடிப்பது எம்டிஎன்எஸ் வழியாக, அதாவது ‘யார் யார் இருக்கிறீர்கள்’ என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும் முறை. முகவரி 224.0.0.251, போர்ட் 5353. ராவுட்டர் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மூடுங்கள், முடிந்தது.

மூத்த_பாக்கெட்: முடியாது. ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே உள் நெட்வொர்க்கில், இருக்கும் போனும் டிவியும் பேசிக்கொள்ள ராவுட்டர் ஃபயர்வால் பக்கமே போக வேண்டாம். நெட்வொர்க் வயர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியிலேயே திரும்பிவிடும். வாசலில் பூட்டுப் போட்டால் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடப்பது நிற்குமா? மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், மாதம் ஒருவர் இதே தப்பான பதிலைச் சொல்கிறார்.

போர்ட்_பூட்டு: தெரிந்தவர் நீங்களே பதிலைச் சொல்லிவிடலாமே, ஐயா.

மூத்த_பாக்கெட்: கேட்டவர் விவரம் தந்தால் சொல்வேன்.

சாரல்_லாட்ஜ்: மன்னிக்கவும், செக்-அவுட் நேரம். கீழே ஒரு ஆக்சஸ் பாயின்ட், மாடியில் ஒன்று. இரண்டும் ஒரு 8 போர்ட் ஸ்விட்சில், அங்கிருந்து ராவுட்டருக்கு. சாதாரண ஸ்விட்ச்தான், செட்டிங் எதுவும் கிடையாது. டிவி எல்லாம் வைஃபையில். ஐசொலேஷன் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டிலும் ஆன். 4 கீழே, 9 மாடியில். இதெல்லாம் தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

மூத்த_பாக்கெட்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு பதிலில் முடிந்திருக்கும். ஒரு போன் அனுப்புவதை ஆக்சஸ் பாயின்ட் வாங்கி, தன்னிடமே இருக்கும் இன்னொரு கருவிக்குத் திருப்பிவிடுவதுதான் வழக்கம். ஐசொலேஷன் அந்தத் திருப்புதலை மட்டும் நிறுத்தும். 4ஆம் அறைப் போன் அனுப்புவது வயர் வழியாக ஸ்விட்சுக்குப் போய், மாடி ஆக்சஸ் பாயின்ட்டுக்கு வயரிலிருந்து வந்து சேருகிறது. வயரில் வருவதெல்லாம் அதற்கு ராவுட்டர் அனுப்பியது போலத்தான். வாங்கி டிவிக்குக் கொடுத்துவிடும்.

கேபிள்காரன்: சோதித்துப் பார்த்துவிடுங்கள். கீழே நின்று ஒரு போனிலிருந்து கீழ்த்தள டிவியின் ஐபி முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை), அப்புறம் மாடி டிவிக்குப் பிங். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைக்கும் ஐசொலேஷன் டிக் தனித்தனியாக இருந்தால் இரண்டிலும் போட வேண்டும். பாதிப் பேர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

சாரல்_லாட்ஜ்: கீழே-கீழே போகவில்லை. கீழே-மாடி போகிறது!

கேபிள்காரன்: அப்படியென்றால் ஸ்விட்சைத்தான் மாற்ற வேண்டும். போர்ட்டுகளைப் பிரிக்கத் தெரிந்த ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்குங்கள். டிபி-லிங்க் எஸ்ஜி108இ மாதிரி சின்னதிலேயே எம்டியு விலான் என்று ஒன்று இருக்கிறது; விலான் என்றால் ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பது. ராவுட்டர் போகும் போர்ட்டை அப்லிங்க் என்று காட்டினால், மற்ற போர்ட்டுகள் அதோடு மட்டும் பேசும், தங்களுக்குள் பேசாது. ரிசப்ஷன் கம்ப்யூட்டரும் கேமரா ரெக்கார்டரும் எங்கே செருகியிருக்கின்றன? நேராக ராவுட்டரில் என்றால் விருந்தினர் எல்லோருக்கும் அவை எட்டும். பேய்ப் படத்தைவிட எனக்கு அதுதான் பயம்.

தென்றல்77: காசு செலவில்லாமல் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டையும் ராவுட்டர் மோடுக்கு, அதாவது தளத்துக்கு ஒரு தனி நெட்வொர்க்காக, மாற்றினால்?

கேபிள்காரன்: இரண்டையும் மாற்றினால் தளங்கள் பிரிந்துவிடும், சரிதான். மாடியை மட்டும் மாற்றினால் பாதிதான் மூடும். மாடியில் இருப்பவர் கீழே எட்டலாம், கீழே இருப்பவர் மேலே எட்ட முடியாது. எப்படி மாற்றினாலும் ரிசப்ஷன் கம்ப்யூட்டர் திறந்தேதான் கிடக்கும்.

நள்ளிரவுப்பிங்: எனக்கு இந்த ஐசொலேஷன் மேலேயே நம்பிக்கை இல்லை. 2010லேயே ‘ஹோல் 196’ என்று காட்டிவிட்டார்களே. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், எல்லோருக்கும் சேர்த்து அனுப்புவதைப் பூட்டும் குரூப் சாவி பொது. அதை வைத்து ஆக்சஸ் பாயின்ட் அனுப்புவது போலவே ஒருவர் நேராக இன்னொருவருக்கு அனுப்பலாம். ஒரே பாஸ்வேர்டு என்றால் அடுத்தவர் டேட்டாவையும் பிடித்துப் படிக்கலாம்.

மூத்த_பாக்கெட்: படிக்க, அவர் இணையும் நேரத்தில் சாவி உருவாக்கப் பரிமாறும் ஹேண்ட்ஷேக்கையும் பிடித்திருக்க வேண்டும். பிடித்தாலும் உள்ளே முக்கால்வாசி எச்டிடிபிஎஸ், தனியாகவே பூட்டியது. டபிள்யூபிஏ3இல் பாஸ்வேர்டு தெரிந்தாலும் அப்படிப் படிக்க முடியாது. 4ஆம் அறைப் பையன்கள் ‘ஹோல் 196’ வரை போவார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

நள்ளிரவுப்பிங்: பையன்களைக் குறைத்து எடை போடாதீர்கள். நானும் அந்த வயதில் ஹாஸ்டல் நெட்டை ஒரு ராத்திரி படுக்கவைத்தவன்தான்.

போர்ட்_பூட்டு: இவ்வளவு எதற்கு? அருவிக்கு வந்தவர்களுக்கு டிவி எதற்கு?

தென்றல்77: அருவியில்தான் தடை என்கிறாரே, இழையைப் படிப்பதே இல்லையா!

நிலா_நெட்: ஒன்றை யாரும் சொல்லவில்லை. முழுக்கப் பிரித்துவிட்டால் தன் அறை டிவிக்கே போனிலிருந்து படம் அனுப்ப, அதாவது காஸ்ட் செய்ய, முடியாது. ஒரே அறையில் இருந்தாலும் போனும் டிவியும் இரண்டு வாடிக்கையாளர்தான். “டிவி வேலை செய்யவில்லை” என்று 14 அறையிலிருந்தும் போன் வரும். அறைக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்து, அதை வைத்தே அறைக்கு ஒரு விலானில் சேர்க்கும் பிபிஎஸ்கே வசதி சில ஆக்சஸ் பாயின்ட்டுகளில் இருக்கிறது. அதுதான் சரியான வழி. இல்லையென்றால் யூடியூப்பை மட்டும், டிவி திரையில் காட்டும் டிவி கோடைப் போனில் போட்டு இணைக்கலாம். அது இன்டர்நெட் வழியாகப் போவதால் ஐசொலேஷன் தடுக்காது.

மூத்த_பாக்கெட்: 14 அறைக்கு 14 விலானா? சீசன் முடிந்துதான் சாப்பிடுவார்.

நிலா_நெட்: விலானுக்கான தரமான 802.1கியூவில் 4094 வரை போகலாம், 14க்கு என்ன? உங்களுக்கு எதிலும் கிண்டல்தான்.

(இரண்டு நாள் கழித்து)

சாரல்_லாட்ஜ்: தென்காசியில் ஸ்விட்ச் வாங்கிப் போட்டாயிற்று. ரெக்கார்டரையும் அதிலேயே செருகிவிட்டேன். கீழே-மாடி பிங் போகவில்லை. யூடியூப்புக்கு டிவி கோடு முறையை ரிசப்ஷனில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் இன்று காலை 2ஆம் அறை டிவியில் யாரோ கார்ட்டூன் போட்டிருக்கிறார்கள். இப்போது லாட்ஜில் குழந்தையே கிடையாது.

நிலா_நெட்: அந்த அறையைக் கடைசியாகக் காலி செய்தவர்களோடு குழந்தை இருந்ததா?

சாரல்_லாட்ஜ்: ஆமாம், நேற்று மாலை கிளம்பினார்கள். மதுரைக்காரர்கள்.

நிலா_நெட்: அந்தக் குழந்தைதான், வீட்டிலிருந்தே. கோடு போட்டு இணைத்த போன் ஊருக்குப் போனாலும் இணைந்தே இருக்கும். டிவியின் யூடியூப் செட்டிங்கில் இணைத்த சாதனங்கள் என்று இருக்கும், அங்கே எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒவ்வொரு செக்-அவுட்டுக்கும், போர்வை மாற்றும்போதே.

சாரல்_லாட்ஜ்: நீக்கிவிட்டேன். நன்றி. தடையையும் எடுத்துவிட்டார்கள், கூட்டம். அப்புறம் வருகிறேன்.

கேபிள்காரன்: மாடல் என்ன என்று கடைசிவரை சொல்லவே இல்லை.