சொடுக்கினாலும் திறக்காத பகிர்வுக் கோப்புறை: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

எங்கள் அலுவலகத்தின் உள்வலைப் பக்கங்களைக் கவனிப்பது என் பொறுப்பு. மாதாந்திர பில்களை வைத்திருக்கும் பகிர்வுக் கோப்புறைக்கு ஓர் இணைப்பு வேண்டும் என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். என் கணினியில் அது இசட் டிரைவாகத் தெரியும். அதையே முகவரியாக எழுதி, பக்கத்தை என் வன்தட்டிலிருந்தே திறந்து சோதித்தேன். உடனே திறந்தது. நம்பிக்கையோடு சர்வரில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே கணக்குப் பிரிவு அம்மா ஒருவரிடமிருந்து போன். “சார், அழுத்திக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் வரவில்லை.” நேரில் போய்ப் பார்த்தேன். மவுஸை மேலே கொண்டுபோனால் கை அடையாளம் வருகிறது, அடியில் முகவரியும் தெரிகிறது. சொடுக்கினால் பக்கம் அசையவில்லை. பிழைச் செய்திகூட இல்லை. எஃப் 12 விசையைத் தட்டி, உலாவி தன் பிழைகளைக் குறித்துவைக்கும் கன்சோலைத் திறந்தால், அங்கே சிவப்பு எழுத்தில் ஒரே வரி: உள்ளூர்க் கோப்பை ஏற்ற அனுமதியில்லை.

என் பிழை இரண்டு. டிரைவ் எழுத்து அவரவர் கணினியில் அவரவர் வைத்துக்கொள்வது. அந்த அம்மாவின் கணினியில் இசட் டிரைவே இல்லை. பக்கத்து மேசையில் அதே எழுத்து வேறொரு பிரிவின் கோப்புறையைக் காட்டியது. இரண்டு பின்சாய்கோடு, சர்வர் பெயர், பகிர்வின் பெயர் என்று முழுப் பாதையை எழுதினால்தான் எல்லோருக்கும் ஒரே இடம். இரண்டாவது, சர்வரிலிருந்து வரும் பக்கம் ‘ஃபைல்’ என்று தொடங்கும் முகவரியைத் திறக்க குரோமும் பயர்பாக்ஸும் விடுவதில்லை. வன்தட்டிலிருந்து திறந்த பக்கத்துக்கு அந்தத் தடை இல்லை. என் சோதனை என்னை ஏமாற்றியது அங்கேதான்.

கடைசியில் பாதையை ஒரு பெட்டியில் காட்டி, பக்கத்தில் ‘நகலெடு’ பொத்தான் வைத்தேன். ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டினால் கோப்புறை திறக்கும். அந்தப் பொத்தானும் முதலில் வேலை செய்யவில்லை. நான் பயன்படுத்திய நகலெடுக்கும் வசதி எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் வரும் பக்கத்தில் மட்டுமே இயங்கும். சர்வரில் அதற்கான சான்றிதழ் போட்ட பிறகு சரியானது. உங்களில் யாருக்காவது இணைப்பே நேரடியாகத் திறந்திருக்கிறதா?

* * *

எங்களுக்குத் திறக்கிறது, ஆனால் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் மட்டும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காலத்தில் இந்தச் சிக்கலே எங்களுக்கு இருந்ததில்லை. 2022 ஜூன் 15 அன்று அதற்கான ஆதரவு முடிந்த பிறகு எங்கள் பழைய பக்கங்களின் இணைப்புகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. எட்ஜ் 95ஆம் பதிப்பு முதல் இதற்கென்றே ஒரு கொள்கை அமைப்பு இருக்கிறது. அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசியில் நிர்வாகி அதை இயக்கினால், உள்வலை மண்டலத்தில், அதாவது விண்டோஸ் அலுவலகத்துக்குள் உள்ளவை என்று நம்பும் தளங்களின் பட்டியலில், உள்ள எச்டிடிபிஎஸ் பக்கத்தின் இணைப்பு ஃபைல் எக்ஸ்புளோரரில் திறக்கும். மண்டலப் பட்டியலில் கோப்பு சர்வரின் பெயரையும் சேர்க்க வேண்டும். நாங்கள் பக்கத்தின் பெயரை மட்டும் சேர்த்துவிட்டு இரண்டு நாள் விழித்தோம்.

* * *

எனக்கு வினை வைத்தது கோப்புறையின் பெயர். பெயரில் ஒரு ஹேஷ் குறி இருந்தது. அந்தக் குறிக்குப் பின்னால் வருவதைப் பக்கத்துக்குள் இருக்கும் இடக்குறி என்று உலாவி எடுத்துக்கொள்கிறது. பாதை பாதியில் அறுந்து, எப்போதும் மேல் கோப்புறையே திறந்தது. விழுக்காட்டுக் குறியும் 23ம் போட்டு எழுதியதும் சரியானது. இடைவெளிக்கு 20. பின்சாய்கோடுகளை முன்சாய்கோடுகளாக மாற்றவும் மறக்காதீர்கள்.

* * *

தடையை எப்படியாவது நீக்கிவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் ஒருகாலத்தில் எல்லாக் கணினிகளிலும் அதைத் தளர்த்தியவன். பிறகு பாதுகாப்புப் பிரிவில் ஒருவர் சோதனைக் கணினியில் காட்டினார். பக்கத்தில் ஒரு சின்னப் படம். அதன் முகவரி வேறொரு கணினியின் பகிர்வு. பக்கம் திறந்ததும் விண்டோஸ் தானாகவே அந்தக் கணினியிடம் உள்நுழையப் பார்த்தது. பயனரின் பெயரும், அவர் கடவுச்சொல்லை வைத்துக் கணக்கிட்ட பதிலும் மறுமுனையில் வந்து விழுந்தன. நான் எதையும் சொடுக்கவே இல்லை. பலவீனமான கடவுச்சொல்லை அதிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். அன்று மாலையே தளர்த்தியதை எல்லாம் திரும்பப் பூட்டினேன். கோப்புப் பகிர்வு பயன்படுத்தும் 445ஆம் போர்ட் வழியாக எதுவும் அலுவலகத்துக்கு வெளியே போகாதபடி அடைக்கவும் சொன்னேன். உலாவி செய்வதுதான் சரி. நகலெடுக்கும் பொத்தான் வைத்தவர் நல்ல வழியைப் பிடித்திருக்கிறார்.

* * *

ஒன்று விட்டுப்போயிற்று. கோப்பு சர்வரை மாற்றினால் சர்வர் பெயர் எழுதிய இணைப்புகள் அத்தனையும் செத்துவிடும். எங்களுக்கு அப்படி ஆனது. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திருத்தினோம். இப்போது டிஎஃப்எஸ் பெயர்வெளி என்ற விண்டோஸ் சர்வர் வசதியை வைத்திருக்கிறோம். பக்கத்தில் எழுதுவது பொதுப் பெயரை. அது எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்பதைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். போன மாதம் சர்வர் மாறியது. இணைப்பு திறக்கவில்லை என்று ஒருவர் மட்டும் கூப்பிட்டார். பார்த்தால், அவருக்கு அந்தக் கோப்புறைக்கே அனுமதி கிடையாது.