12 சைடு சீலும் ஒரு காலண்டர் அட்டையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்களுக்கு மாஸ்டா ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் என்ஜின்) என்றால் ஒரு தனிக் கிறுக்கு. நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் ஏதாவது ஒரு தெருவிலிருந்து அந்த 'ப்ரப் ப்ரப்' சத்தம் வந்தே தீரும். எனக்கு அது மாமாவிடமிருந்து ஒட்டியது. அவருடைய பழைய பக்கியில் (இங்கே பிக்கப் வண்டிக்குப் பெயரே அதுதான், திட்டவில்லை) இருந்த 13பி என்ற இரண்டு ரோட்டர் என்ஜினைத்தான் நான் முதலில் பிரித்தேன், முதலில் கெடுத்ததும் அதைத்தான்.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் நிற்கும் ஏபெக்ஸ் சீலைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். சைடு சீலை ஒருத்தரும் சட்டை செய்வதில்லை. ரோட்டரின் பக்கவாட்டு முகத்தில், ஓரத்தை ஒட்டி வளைந்து ஓடும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் மெல்லிய இரும்புப் பட்டை அது. ரோட்டருக்கு 6, இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து 12. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் கார்னர் சீல் என்கிற ஒரு சின்ன வட்டத் துண்டு நிற்கும். சீல் முனைக்கும் கார்னர் சீலுக்கும் நடுவில் 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடணும், தேய்ந்து 0.40ஐத் தாண்டினால் தூக்கிப் போடணும். இது மாஸ்டா கையேட்டுக் கணக்கு.

எனக்கு அப்போது வயசு கம்மி, புத்தி அதைவிடக் கம்மி. இடைவெளி குறைந்தால் காற்று கசியாது, கம்ப்ரஷன் ஏறும், அப்படியென்றால் ஒன்றுமே இல்லாமல் வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்து, ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.03 பிளேடே நுழையத் திணறும் அளவுக்கு இறுக்கி வைத்து, அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஹிக்கின்சன் ஹைவேயில் கொஞ்ச தூரம் பறந்தது. சூடு ஏறியதும் ஐடில் தள்ளாடி அணைந்தது, மறுபடி பிடிக்கவே இல்லை. மாமாவும் நானும் தள்ளிக்கொண்டு வந்தோம்.

பிரித்துப் பார்த்தால் சீல் முனைகள் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. இரண்டு கார்னர் சீல்கள் குழியிலேயே சிக்கிக்கொண்டு, விரலால் அமுக்கினால் திரும்ப எழும்பவில்லை. ரோட்டரைப் பக்கவாட்டில் மூடும் சைடு ஹவுசிங்கில் நகம் மாட்டும் ஆழத்துக்குக் கீறல். சீல் சூட்டில் நீளும், நீள இடம் இல்லாததால் கார்னர் சீலை முட்டி நெருக்கியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டாம் முறை பொறுமையாக உட்கார்ந்தேன். புது சீல் தேவைக்கு மேல் நீளமாகத்தான் வரும், தேய்த்துக் குறைப்பது நம் வேலை. ஒரு முனையை கார்னர் சீலோடு முட்டத் தள்ளி, மறுமுனையில் அளக்கணும். இதில் ஆட்கள் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு: கைக்குக் கிடைத்த பழைய கார்னர் சீலைப் போட்டு அளந்துவிட்டு, மூடும்போது புதுசைப் போடுவார்கள். அளவு அங்கேயே போச்சு. கடைசியில் எது உட்காரப் போகிறதோ அதையே போட்டு அளங்கள். இன்னொன்று, கார்னர் சீல் வட்டம், அதனால் சைடு சீலின் முனையும் அந்த வளைவிலேயே இருக்கணும். நேராகத் தேய்த்துவிட்டால் ஒரு ஓரத்தில் அளவு சரியாகக் காட்டும், மறு ஓரம் திறந்து கிடக்கும்.

கிரைண்டரில் ஆரம்பித்தேன், மூன்றாவது சீலில் லோட் ஷெட்டிங், கரண்ட் போய்விட்டது. இரண்டு மணி நேரம் சும்மா இருப்பானேன் என்று டார்ச்சைக் கட்டித் தொங்கவிட்டு, நைஸ் அரத்தால் கையிலேயே தேய்த்தேன். நாலு இழுப்பு, துடைப்பு, பிசிறு எடுப்பு, அளவு. மறுபடி நாலு இழுப்பு. பிசிறு ஒட்டியிருந்தால் சீல் பள்ளத்தில் நகராது, அளவும் பொய் சொல்லும். கரண்ட் வந்த பிறகும் நான் கிரைண்டர் பக்கம் போகவில்லை. கிரைண்டர் ஒரு தொடலில் தின்பதைத் திருப்பி ஒட்ட முடியாதே. எனக்கு 0.08 வந்ததும் நிறுத்திவிடுவேன்.

தேய்த்த சீலை எங்கே வைப்பது? கோயிலில் கொடுத்த காலண்டர் அட்டையின் பின்பக்கம் இரண்டு ரோட்டரையும் இரண்டு முகமும் தெரிய வரைந்து, ஒவ்வொரு சீலையும் அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் அக்கா பையன் ஐந்தாறைப் பிய்த்தெடுத்து வளையல் மாதிரி கையில் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எது எங்கே இருந்தது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பன்னிரண்டையும் திரும்ப அளந்தேன். இடம் மாறி உட்கார்ந்ததில் ஒன்று 0.20 காட்டியது, இன்னொன்றில் பிளேடு நுழையவே இல்லை. ஒரே பெட்டியில் வந்த சீல்கள்தான், ஆனால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு ஜாதி. வளைந்துபோன ஒன்றுக்குப் புதுசு வாங்கினேன், மற்றதையெல்லாம் பொருத்திப் பொருத்திக் கண்டுபிடிக்க ஒரு முழு சாயங்காலம் போனது. இப்போதெல்லாம் அட்டை அலமாரி மேல்தான்.

வாஸ்லின் தடவி ஒட்டி, மூடி, ஓட்டிப் பழக்கிய பிறகு கம்ப்ரஷனை அளந்தால், ரோட்டருக்கு மூன்றாக ஆறு அறையிலும் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோவை ஒட்டி வந்தது. குறைந்தபட்சம் 6, அறைக்கு அறை வித்தியாசம் 1.5க்குள் என்பது கணக்கு. மாமா வண்டியை ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வாரத்தில் போன்.

"என்னப்பா, 8 என்று சொன்னாய், இங்கே 6.7தான் காட்டுகிறது. சீல் போயிடுச்சா?"

"ஆறிலும் அதேதானா மச்சான்?"

"ஆமா, எல்லாம் ஒரே மாதிரி."

ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே. உள்ளே இழுக்கும் காற்றே கம்மி, அமுக்கினால் எங்கிருந்து 8 வரும்? புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில், "அப்போ வண்டியை டர்பனுக்கே கொண்டு வருகிறேன், அளந்து காட்டு" என்றார் மச்சான். வருகிற தைப்பூசக் காவடிக்கு அதிலேயே வருகிறாராம். கேஜைத் தேடி எடுத்து வைக்கணும்.