இன்ஜின் கத்துகிறது, படகு நகர மாட்டேன் என்கிறது

அண்ணன்மாரே, ஒரு உதவி. பழவேற்காடு ஏரியில் சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறேன், 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டும் இன்ஜின்). போன வாரம் மணல் திட்டில் புரொப்பல்லர் (படகைத் தள்ளும் விசிறி) தட்டியது. அதிலிருந்து பாதி த்ராட்டில் வரை ஒழுங்காகப் போகிறது. அதற்கு மேல் முறுக்கினால் சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.

கரையேற்றி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, புரொப்பல்லரைக் கையால் அசைத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் லேசாக ஆடுகிறது. நட் இறுக்கம், அது கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் கம்பியும் உடையவில்லை. கழற்றினால் உள்ளே நரம்பு சுற்றிக் கிடந்தது, அதுவும் என் வலை நரம்பேதான்! புரொப்பல்லர் மாட்டும் ஷாஃப்டின் பல் தேயவில்லை. கியர் ஆயில் பால் போல வெளுக்கவில்லை, தண்ணீர் கலக்கவில்லை போலிருக்கிறது, அந்த மட்டும் நிம்மதி.

என் சந்தேகம் புரொப்பல்லர் நடுவில், உள் குழலையும் வெளி உடலையும் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் மேல். உள் குழலையும் வெளி உடலையும் சேர்த்துப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நாளை ஓட்டி வந்ததும் கோடு விலகியிருந்தால் புஷ் வழுக்குகிறது, சரிதானே?

முன்பின் ஆட்டம் எவ்வளவு வரை பரவாயில்லை? த்ரஸ்ட் வாஷர் (புரொப்பல்லர் தள்ளும் விசையைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்குமோ? அப்புறம், புஷ் மட்டும் மாற்றித் தருபவர்கள் சென்னைப் பக்கம் உண்டா? கடைக்காரர் பார்க்காமலே புரொப்பல்லரையே மாற்றச் சொல்கிறார்.