பிரேக்கிங் பேட்: ப்ராக்குக்கு விஷம் எப்படிப் போனது?

பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவே மாட்டேன் என்கிறது. நாலாவது சீசன் கடைசியில் சின்னப் பையன் ப்ராக்குக்கு விஷம் கொடுத்தது கதாநாயகன் வால்ட்தான், சரி, கேமரா மெதுவாக வால்ட் வீட்டுச் செடித்தொட்டியை நெருங்கி 'லில்லி ஆஃப் த வேலி' என்ற விஷச்செடியின் சீட்டைக் காட்டும்போதே புரிந்துவிடுகிறது. ஆனால் அது பையன் வாய்க்குள் போனது எப்படி?

நாலாவது சீசனின் 12, 13ஆம் எபிசோடுகளைத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஐந்தாவது சீசன் 11இல் வால்ட்டின் கூட்டாளி ஜெஸ்ஸியிடமிருந்து, ரைசின் விஷம் ஒளித்து வைத்திருந்த சிகரெட்டை வக்கீல் சாலின் ஆள் ஹுயெல் எடுத்தது தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்புறம் அதே சீசனின் மூன்றாவது எபிசோடில் வால்ட் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து ப்ராக் பாட்டுக்கு கேம் ஆடுகிறான், அவரை முன்பே பார்த்த மாதிரியே தெரியவில்லை. பாவம் அந்தப் பிள்ளை, அந்தக் காட்சி என்னை ரொம்பவே உலுக்கியது.

விஷம் கொடுத்த விதத்தைக் காட்டும் காட்சியோ வசனமோ எந்த எபிசோடிலாவது இருக்கிறதா?