கொண்டை ஊசி வளைவு வந்தால் ஊமையாகிவிடும் ஹாரன்

காரவள்ளி_ரோடு எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 2011 மாடல் சின்ன பெட்ரோல் கார், இருப்பதிலேயே விலை குறைந்த மாடல், அதனால் ஏர்பேக் கிடையாது. இரண்டு மாதமாக ஹாரன் படுத்தி எடுக்கிறது. அடியோடு போய்விட்டாலாவது எடுத்துப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம், இது பத்து முறை அழுத்தினால் ஏழு முறை நன்றாகக் கத்துகிறது, மூன்று முறை மூச்சு விடுவதில்லை. நாமக்கல் ஊருக்குள் ஓட்டினால் பெரும்பாலும் அடிக்கிறது. ஆனால் வேலை விஷயமாக மாதம் இரண்டு தடவையாவது கொல்லிமலை ஏற வேண்டியிருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும், அங்கே போய்த்தான் இது காலை வாருகிறது. போன வாரம் இறங்கும்போது எதிரே பஸ், நான் அழுத்து அழுத்தென்று அழுத்துகிறேன், சத்தமே இல்லை. நல்லவேளை அந்த டிரைவர் அடித்தார், நான் ஒதுங்கிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பார்த்தவுடனே ஹாரன் போச்சு சார் என்று சொல்லிப் புது ஹாரன் மாட்டி 1,150 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. திரும்பப் போனால் ஸ்டியரிங்கில் இருந்து முன்பக்கம் வரை வயரிங் முழுவதும் மாற்ற வேண்டும், 6,000 ஆகும் என்கிறார்கள். ஃபியூஸ் பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. வேறு எங்கே பார்ப்பது?

பிரேக்_பிடி எழுதியது:

ப்ரோ, ஸ்டியரிங் திருப்பினால் அடிக்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், கிளாக் ஸ்பிரிங்தான், அதாவது ஸ்டியரிங்குக்குள் சுருண்டு கிடந்து அதோடு சேர்ந்து திரும்பும் நாடா வயர். என் வண்டியில் இதே தொல்லை வந்து, மாற்றியதும் சரியாகிவிட்டது. கூடவே ஏர்பேக் லைட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

லைன்_வயர்மேன் எழுதியது:

அவர் வண்டியில் ஏர்பேக்கே இல்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார் தம்பி. 2019 ஜூலைக்கு முன்பு டிரைவர் ஏர்பேக் கட்டாயம் கிடையாது, அந்தக் காலத்துச் சின்ன கார்கள் பலவற்றில் கிளாக் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஸ்டியரிங் அடியில் ஒரு பித்தளை வளையமும், அதை உரசிக்கொண்டே இருக்கும் ஸ்பிரிங் வைத்த ஒரு பின்னும்தான் இருக்கும். செய்கிற வேலை ஒன்றுதான், கோளாறும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் சாமான் வேறு, செலவும் வேறு.

கேள்வி கேட்டவருக்கு: எதையும் வாங்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் அழுத்துகிற பட்டன் நேராக ஹாரனுக்குப் போவதில்லை. அது ரிலே என்கிற குட்டி ஸ்விட்சின் காயிலுக்கு (உள்ளே இருக்கும் காந்தச் சுருள்) எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, கொடுக்கிறது, அவ்வளவுதான். ரிலே டிக் என்று ஒட்டினால்தான் பேட்டரி கரண்ட் ஹாரனுக்குப் போகும். ஆக மொத்த லைனையும் நடுவில் வெட்டிப் பார்க்க அந்த டிக் போதும். ஒருவரை உட்காரவைத்து அழுத்தச் சொல்லுங்கள், நீங்கள் ஃபியூஸ் பெட்டியில் ஹாரன் ரிலே மேல் விரல் வைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் அடிக்காதபோதும் டிக் விரலில் தட்டுகிறதா? அப்படியென்றால் ஸ்டியரிங் பக்கம் சுத்தம், கோளாறு ரிலேயின் உள்பாயிண்டிலோ, ஹாரனுக்குப் போகும் வயரிலோ, எர்த்திலோ, ஹாரனிலோ இருக்கிறது. டிக் வரவே இல்லையா? பட்டன், வளையம், காயில் இந்தப் பக்கம் பாருங்கள்.

இதை ஸ்டியரிங் நேராக இருக்கும்போது ஒருமுறை, இடது கடைசி வரை திருப்பி ஒருமுறை, வலது கடைசி வரை ஒருமுறை செய்யுங்கள். வண்டி நின்ற இடத்திலேயே செய்யலாம், இதற்கு மலை ஏற வேண்டியதில்லை.

ரிலேயைச் சந்தேகப்பட்டால் அதே மாதிரி இன்னொரு ரிலே அந்தப் பெட்டியிலேயே இருக்கும், அடியில் பின் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து மாற்றிப் போட்டுப் பாருங்கள், காசு செலவில்லை. இன்னொன்று, ரிலேயைக் கழற்றிவிட்டு சாக்கெட்டில் 30, 87 என்று நம்பர் உள்ள இரண்டு பின் துளைகளையும் ஒரு வயர் துண்டால் சேர்த்தால் பட்டனே இல்லாமல் ஹாரன் கத்த வேண்டும். கத்தினால் அந்த நேரத்தில் முன்பக்க லைன் உயிரோடு இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரும் தூங்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஆழ்வார்_நகர் எழுதியது:

மேலே வயர்மேன் அண்ணன் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை, இதைப் படித்துவிட்டு ஏர்பேக் உள்ள வண்டிக்காரர்கள் யாரும் ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிட வேண்டாம். ஏர்பேக் வயரின் மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் ஸ்டியரிங் பேடைத் தொட வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுப்பது மேல்.

காரவள்ளி_ரோடு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை மனைவியை உட்காரவைத்துப் பார்த்துவிட்டேன். ஸ்டியரிங் நேராக இருந்தால் ஒவ்வொரு முறையும் டிக், ஹாரனும் அடிக்கிறது. இடது பக்கம் முழுவதும் திருப்பினால் டிக்கும் இல்லை, சத்தமும் இல்லை. கொஞ்சம் பின்னால் கொண்டுவந்தால் மறுபடி வருகிறது. வலது பக்கம் பரவாயில்லை. இப்போது யோசித்தால் மலையில் மாட்டிக்கொண்டதெல்லாம் இடது வளைவுகள்தான். ஒர்க்‌ஷாப்பில் யாரும் ஸ்டியரிங்கைத் திருப்பியே பார்க்கவில்லை.

லைன்_வயர்மேன் எழுதியது:

அப்புறம் என்ன, வளையம்தான். அந்த ஒரு இடத்தில் தேய்ந்து குழியாகியிருக்கும், இல்லை கிரீஸ் காய்ந்து கருப்பாகப் படிந்திருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கின் நடு நட்டைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்றிவிடாதீர்கள், நாலு மரை மிச்சம் வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஆட்டி இழுங்கள். முழு நட்டையும் எடுத்துவிட்டு இழுத்தால் ஸ்டியரிங் பட்டென்று விடுபட்டு மூக்கில் அடிக்கும், எனக்கு அடித்திருக்கிறது. எடுக்கும் முன் தண்டிலும் ஸ்டியரிங்கிலும் ஒரே கோடாக மார்க் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நேராக ஓட்டும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். திரும்ப மாட்டும்போது நட்டை நன்றாக முறுக்க வேண்டும், அதில் மட்டும் சோம்பல் கூடாது. கை கூசுகிறது என்றால் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், அரை மணி வேலை.

காரவள்ளி_ரோடு எழுதியது:

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரித்தோம். வளையத்தில் முக்கால் பங்கு மஞ்சளாகப் பளபளவென்று இருக்கிறது, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தார் பூசினது மாதிரி கருப்பு. பின்னின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. தேய்ந்த உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, துளி கிரீஸ் வைத்து மாட்டினார். 250 ரூபாய். இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் அடிக்கிறது. நன்றி அண்ணா.

காரவள்ளி_ரோடு எழுதியது:

மன்னிக்கவும், பத்து நாள் கழித்து மறுபடி வந்திருக்கிறேன். நேற்று மழையில் சேந்தமங்கலம் தாண்டியதும் ஹாரன் அடிக்கவில்லை. ஓரங்கட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் டிக் மட்டும் வருகிறது, ஹாரன் ஊமை. பம்பரை ஒரு தட்டுத் தட்டினேன், அடித்தது!

லைன்_வயர்மேன் எழுதியது:

இது வேறு கோளாறு. ஒரே சமயத்தில் இரண்டு இருந்திருக்கிறது, அதனால்தான் குழப்பம். டிக் வருகிறது, தட்டினால் அடிக்கிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். மல்டிமீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை ஹாரனின் எர்த் டெர்மினலில் வைத்து, ஹாரனை அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். ஒரு ஹாரன் 4, 5 ஆம்பியர் இழுக்கும், துரு வழியாக அவ்வளவு போகாது.

காரவள்ளி_ரோடு எழுதியது:

9 வோல்ட் காட்டியது! கிரில்லைக் கழற்றினால், புது ஹாரன் மாட்டினவர் எர்த் வயரை பிராக்கெட் போல்ட்டிலேயே கட்டியிருக்கிறார், அடியில் பெயிண்டைச் சுரண்டவே இல்லை, போல்ட்டின் ஒரு மரை மட்டும்தான் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அதிலும் துரு. தகரம் பளிச்சென்று தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டேன். இப்போது 0.1. ஹாரனின் வாய் மேலே பார்த்தபடி இருந்தது, அதையும் தண்ணீர் நிற்காதபடி கீழே திருப்பிவிட்டேன்.

பிரேக்_பிடி எழுதியது:

அப்போ அந்தப் பழைய ஹாரன்?

காரவள்ளி_ரோடு எழுதியது:

அதை ஏன் கேட்கிறீர்கள். டிக்கியில் துணி சுற்றிக் கிடந்தது. இரண்டு வயர் எடுத்து நேராக பேட்டரியில் வைத்தேன். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த தெருவுக்கு ஓடியது.