லூட்டின் குளிசை: நல்ல கண்ணுக்கும் தேவையா?

நிலாவெளியான்:
எனக்குக் கண்ணில ஒரு வருத்தமும் இல்லை. ஆனா விடியக் கடலில நிக்கேக்க சூரியன் நேர முகத்தில அடிச்சா, கொஞ்ச நேரம் ஒண்டும் தெரியாது. லூட்டின், அதுதான் இலைவகையில, முட்டை மஞ்சட்கருவில இருக்கிற ஒரு மஞ்சள் சத்து, அந்தக் குளிசை எடுக்கத் தொடங்கினாப் பிறகு கண் கெதியாத் தெளியுது. தொழிலுக்குப் போற எல்லாரும் எடுங்கோ.

உவர்மலை வாசுகி:
அண்ணை, எல்லாரையும் எடுக்கச் சொல்லாதேங்கோ. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வை, ஏஆர்ஈடிஎஸ்-2ஐ, காட்டித்தான் இதை விக்கினம். நாளுக்கு 10 மில்லிகிராம் லூட்டின், அதே இனச் சத்தான சியாசாந்தின் 2 மில்லிகிராம். அதில இருந்தவை வயசால மாகுலா, அதாவது விழித்திரையின்ர நடுப்பகுதி, தேய்ஞ்சு, பார்வை போற ஆபத்தில நிண்ட ஆக்கள். நல்ல கண்ணைப் பற்றி அது ஒண்டும் சொல்லேல்லை.

நிலாவெளியான்:
நல்ல கண்ணிலயும் பாத்திருக்கினம், தங்கச்சி. 2014இல் வந்த ஆய்வு, 115 இளம் ஆக்கள், ஒரு வருசம், அதே அளவு. மாகுலாவின்ர மஞ்சள் நிறமி கூடினது. கடும் வெளிச்சம் பட்ட பிறகு பார்வை திரும்புற நேரம் குறைஞ்சது. அந்த நிறமி நீல ஒளியை உறிஞ்சுது. நான் சொல்றதும் அதைத்தானே?

உவர்மலை வாசுகி:
அதே ஆய்வில, கூசேக்க பாக்கிற திறனில மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவையோட ஒப்பிட நம்பத்தக்க வித்தியாசம் வரேல்லை. அதை ஏன் விட்டிட்டியள்? லூட்டின் செய்யிற கம்பனியின்ர ஆக்களும் அதை எழுதினவையில இருக்கினம். கண்ணாடி நம்பர் குறையாது, வெள்ளெழுத்தும் போகாது. முதல்ல தொப்பியும் கூலிங் கிளாசும் போடுங்கோ. முருங்கையிலை வறையில லூட்டின் தாராளம். தேங்காய்ப்பூவில இருக்கிற கொழுப்புத்தான் அதை உடம்பில சேர்க்கும். முட்டை மஞ்சட்கருவும் நல்லது.

பாமசி ராசன்:
சண்டைக்கு நடுவில ஒண்டு. கண் குளிசைப் பெட்டியில பீட்டா கரோட்டின் (கரட்டில இருக்கிற சத்து) எண்டு இருக்கோ பாருங்கோ. பின்லாந்தில புகைபிடிக்கிறவைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் குடுத்த ஆய்வில, 1994இல் வந்த முடிவு: நுரையீரல் புற்றுநோய் 18% கூட. பீடி, சிகரெட் பத்துறவை அதைத் தொடவே கூடாது. லூட்டின் வேற, அது வேற.

நிலாவெளியான்:
நல்லாச் சொன்னியள் ராசன் அண்ணை. என்ர பெட்டியில லூட்டினும் சியாசாந்தினும்தான். வறையும் சாப்பிடுறன், குளிசையும் விடமாட்டன். மாகுலா தேய்ஞ்ச பிறகு ஓடித் திரியிறதை விட இப்பவே காக்கிறது நல்லம்.

உவர்மலை வாசுகி:
நல்ல கண்ணுக்குக் குளிசை எடுத்து அந்த நோய் வராமல் தடுத்ததெண்டு ஒரு ஆய்வும் காட்டேல்லை. வெளிச்சத்தில கண் தெளியிறதுக்கு எண்டு சொல்லுங்கோ, கேக்கிறன். நோயைக் காட்டிச் சனத்தைப் பயப்படுத்தாதேங்கோ.